பவளம் வளர்த்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது உப்புநீர்த் தொட்டி ஒன்று அமைத்தேன். இப்போது அதில் டார்ச், ஹேமர் வகைப் பவளங்களும் கல்கூடு இல்லாத சில ஜோவாந்திட்களும் கிளைவிடும் கல்பவளமான ஓர் அக்ரோபோராவும் வளர்கின்றன. சென்ற ஆண்டு மலேசியாவின் தியோமான் தீவில் ஸ்கூபா முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே என் சாப்பாட்டு மேசையைவிடப் பெரிதாக விரிந்திருந்த ஒரு தட்டைப் பவளத்தைப் பார்த்த பிறகு, வீட்டுத் தொட்டிக்கு முன்னால் முன்புபோல உட்கார முடியவில்லை. இது ஒரு சிறை என்று தோன்றுகிறது. “கடலில் இருப்பதைக் கடலிலேயே போய்ப் பார்த்தால் போதாதா?” என்று மனைவியும் கேட்கிறார். தொட்டியைக் கலைத்து, பவளங்களைக் கடலிலேயே விட்டுவிடலாமா?

இன்னொரு கேள்வி. பொங்கலுக்குத் தஞ்சாவூர் வருகிறேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் தானும் தொட்டி வைக்கப்போவதாகச் சொல்கிறான். “இரண்டு துண்டு கொண்டுவாருங்கள் மாமா” என்கிறான். கொண்டுவரலாமா?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

கடலில் விடாதீர்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில் உனோமியா ஸ்டோலோனிஃபெரா என்ற மென்பவளம் உள்ளூர்ப் பவளப்பாறைகளை மூடிக் கொன்றுகொண்டிருக்கிறது. அது இந்தோ-பசிபிக் கடல்களுக்குரியது, மீன்தொட்டி வணிகத்தின் வழியாகக் கரீபியக் கடலுக்கு வந்து சேர்ந்தது. விட்டுவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது இரக்கத்தால்தான். ஆனால் உங்கள் தொட்டியில் வெவ்வேறு கடல்களைச் சேர்ந்த உயிர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே நீரில் கலந்து வாழ்ந்திருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து என்னென்ன கிருமிகள் கடலுக்குள் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

தொட்டியைக் கலைக்கவும் வேண்டாம். சிறை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பவளம் இளம்பருவத்தில் சிறிது காலம் நீரில் அலைகிறது. பிறகு ஒரு பாறையைப் பற்றிக்கொண்டால் ஆயுள் முழுவதும் அங்கேதான். ஒளி, நீரோட்டம், அளவான வெப்பம், கூடு கட்டுவதற்கான சுண்ணச்சத்து ஆகியவை கிடைத்தால் வளரும், கிளைக்கும். கிடைக்காவிட்டால் சுருங்கிச் சாகும். நடமாட இடமில்லாமல் தவிக்கிற உயிரல்ல அது. நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. இந்தத் துண்டு எங்கே வளர்ந்தது? கடலடியில் உளிகொண்டு பெயர்க்கப்பட்டதா, இன்னொரு தொட்டியில் வெட்டி வளர்க்கப்பட்டதா? பவளம் வளர்ப்பதன் நியாயமெல்லாம் எனக்கு இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பழைய ஆசை இது. 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சிறிய கல்பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீர் கெட்டுப்போகாமலிருக்க, அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னல் அருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். உங்கள் பம்பு இன்று செய்வது அந்தப் பெண்ணின் வேலையைத்தான். 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் மீன்தொட்டி மோகத்தை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. மக்கள் கடற்கரைகளுக்குப் படையெடுத்தார்கள். சிறுவயதில் தந்தையோடு பார்த்த பாறைக்குட்டைகள் சேகரிப்பவர்களால் சூறையாடப்பட்டு வெறுமையாகிவிட்டதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த நூலில் எழுதினார். அந்த அழிவில் தன் நூல்களுக்கும் பங்கு இருந்தது தந்தையை மிகவும் வருத்தியது என்றும் சொல்கிறார்.

அந்தக் கதை அப்படியே தொடர்ந்திருந்தால் தொட்டியை மூடிவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அதை மாற்றியவர்களும் இந்த ஆசை கொண்டவர்களே. உங்கள் பக்கத்து நாட்டில், ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறைகளையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டுகள்) காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல்தொட்டியை நடத்தும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். 1980களில் பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறை, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், வலுவான விளக்கு என்று அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். அவர்களில் ஒருவரான டீட்ரிஷ் ஸ்ட்யூபரின் தொட்டியில் ஓர் அக்ரோபோரா செழித்து வளர்ந்தது. முருங்கைப் போத்தை ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல அதன் கிளைகளை ஒடித்துக் கொடுத்தார். அந்தக் கிளைகளின் கிளைகள் நாடு நாடாகப் போயின. நான் ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில் என்னிடமும் தொட்டி இருந்தது. அதிலிருந்த பவளங்கள் பெரும்பாலும் சக வளர்ப்பாளர்கள் கொடுத்த துண்டுகள். கடலைத் தொடாமலேயே பவளம் வளர்க்க முடியும் என்று அங்கேதான் புரிந்துகொண்டேன்.

ஆகவே இனி வாங்கும்போது விசாரியுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதித் தாள்களில், இயற்கையிலிருந்து எடுத்ததற்கு டபிள்யூ என்றும், வளர்ப்பில் உருவானவற்றுக்கு சி அல்லது எஃப் என்றும் குறிப்பார்கள். கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல் வளர்ப்புப் பவளங்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கூடினால் வணிகமும் அந்தப் பக்கம் சாயும். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் டார்ச் கடலிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது, நன்றாக வளர்த்து, தலை பிரிந்ததும் வெட்டி இன்னொருவருக்குக் கொடுப்பது. அவர் கடைக்குப் போகும் தேவை அந்த அளவுக்குக் குறையும். ஜோவாந்திட் வளர்ப்பவர் என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு கொண்டவை உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மனைவி கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு முக்கியமான கேள்வி. கடலில் போய்ப் பார்த்தால் போதாதா? எனக்குப் போதாது. முக்குளிப்பவர் ஒரு பவளத்துக்கு முன்னால் இருப்பது சில நிமிடங்கள். நீங்களோ அதை இரவிலும் பார்க்கிறீர்கள், உணர்கொம்புகள் நீண்டு இரை தேடுவதைப் பார்க்கிறீர்கள். ஒரு நாள் சுருங்கியிருந்தால் ஏன் என்று தேடுகிறீர்கள். எல்லாவற்றையும்விட, ஒரு டிகிரி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதாகி 26 டிகிரித் தொட்டி 30ஐத் தாண்டினால் உங்களால் தூங்க முடியாது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகள் வெளியேறி, வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கும் என்று அறிவீர்கள். கடலில் நடப்பதும் அதேதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் பவளம் வெளுக்கத் தொடங்குகிறது. 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளுப்பு, உலகின் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தொட்டுவிட்டது.

பிஹெச் விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு அது, எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள். சன்னல்களை அடைத்துக் குளிரூட்டியைப் போட்ட வீட்டுக்கு விருந்தினர் வந்தால், அன்று மாலை தொட்டியின் பிஹெச் இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மனிதர்களின் மூச்சிலுள்ள கரியமில வாயு நீரில் கரைகிறது. பவளம் கூடு கட்டுவது சிரமமாகிறது. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவைப்பார்கள். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் பிஹெச் ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. அந்த அளவுகோலின் கணக்குப்படி அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. கடலுக்கு வெளியே நீட்ட ஒரு சன்னல் இல்லை. செய்தித்தாளில் இதைப் படிப்பவருக்கு இது ஓர் எண். உங்களுக்கு அது வரவேற்பறையில் கண்ட உண்மை. தொட்டி வைத்திருப்பவர் கடலுக்கு நல்ல சாட்சியாக இருக்க முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

தொட்டிக்கலை கடலுக்கு நேரடியாக உதவிய இடங்களும் உண்டு. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் தொட்டிக்குள் உருவாக்கிப் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்த முறையைக் கொண்டு 2019இல் ஃப்ளோரிடா மீன்காட்சியகத்தில் தூண் பவளம் முட்டையிட்டது. நோயால் ஃப்ளோரிடாக் கடலில் ஏறக்குறைய இல்லாமலே போய்க்கொண்டிருந்த இனம் அது. 2023 கோடையில் அங்கே கடல் கொதித்தபோது கடலடி நாற்றங்கால்களில் வளர்த்த பவளங்களைக் கரைத்தொட்டிகளுக்குத் தூக்கிவந்தார்கள். உங்கள் வீட்டுத் தொட்டி கடலைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அனல்மின் நிலையங்களின் புகை குறைய வேண்டும்.

முக்குளிப்பு தருவதைத் தொட்டி தராது என்பதும் உண்மை. அக்ரோபோராவுக்கு நடுவே மீன்கூட்டம் நுழைந்து மறைவது, கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம், மூச்சை இழுத்தால் உடல் எழுந்து விட்டால் தாழ்வது, இவற்றையெல்லாம் எந்தக் கண்ணாடிக்குள்ளும் அடைக்க முடியாது. அங்கே நாம் விருந்தாளி. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒருவரின் கால்துடுப்பு ஒரு வீச்சில் உடைக்கும் கிளை, வளர்வதற்குப் பல ஆண்டுகள் எடுத்திருக்கும். ஆகவே கேமராவை வாங்குவதற்கு முன் மிதப்பைப் பழகுங்கள். இன்னொன்றும் சொல்வேன். தியோமானுக்குப் போகிற நீங்கள் சிங்கப்பூரிலேயே உள்ள புலாவ் ஹந்து தீவில் இறங்கியிருக்கிறீர்களா? நிலமீட்பால் தன் பவளப்பாறைகளில் பாதிக்கு மேல் இழந்த நாடு சிங்கப்பூர். எஞ்சிய கலங்கல் நீரில் இன்னும் ஏறத்தாழ 250 வகைக் கல்பவளங்கள் வாழ்கின்றன. கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் தெரியாத நாள்களும் உண்டு. ஆனால் தொட்டியில் ஒவ்வொரு பவளமாக உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கடல் மிகவும் பொருத்தமானது. 2024 இறுதியில் அங்கே ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டம் தொடங்கியிருக்கிறது. துண்டு வெட்டி ஒட்டப் பழகிய கைகள் அதற்குப் பயன்படும். விசாரித்துப் பாருங்கள்.

அக்கா மகனுக்கு ஒரு துண்டும் கொண்டுவராதீர்கள். கல்பவளங்கள் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டுவது குற்றம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001 முதல் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் இருக்கின்றன. மீறினால் சிறைத்தண்டனை கிடைக்கலாம். “வளர்ப்புத் துண்டுதானே” என்பது அங்கே பேச்சாகாது. நான் ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பியபோது என் பவளங்களை எல்லாம் அங்கேயே நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தச் சட்டம் சும்மா வந்ததல்ல என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கார்பைடு ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் பார்களை, அதாவது பவளப்பாறைகளை, வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பார் போனதும் மண் கரைந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986இல் 21 தீவுகளைக் கொண்டு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. பின்பு 2010, 2016 கோடைகளில் பெரும் வெளுப்பு வந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்துவருகிறார்கள். உங்கள் தொட்டியில் நீங்கள் செய்யும் அதே வேலை. கல்லூரியில் படிக்கும் பையனுக்குப் பவளத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தால் அவன் போக வேண்டிய திசை அது. முதலில் நன்றாக நீந்தக் கற்கட்டும். புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பொங்கல் சமயத்தில் வாடைக்காற்றால் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தாலும் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். தஞ்சாவூரிலிருந்து மண்டபம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும். அவனையும் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு அன்று செல்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.