12 டிபி போதுமா, 24 டிபி வேண்டுமா?

கேள்வி: வீட்டுக்கு 2.1 ஆம்ப் (இரண்டு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்-ஊஃபர் ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) அசெம்பிள் செய்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் சப்-ஊஃபர் ஃபில்டர் போர்டு கேட்டால் '12 டிபி', '24 டிபி' என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். 24-க்கு இரண்டு மடங்கு விலை. சப்-ஊஃபரை சோபாவுக்குப் பின்னால்தான் வைக்க இடமிருக்கிறது. கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். சப்-ஊஃபர் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தால் 12 டிபி போதும் என்றிருப்பேன். சோபாவுக்குப் பின்னால் என்றால் கதை வேறு.

ஃபில்டரின் வேலை பேஸை மட்டும் சப்-ஊஃபருக்கு விட்டு, மற்றதை வெட்டுவது. அதை 80 ஹெர்ட்ஸில் வெட்டும்படி வைத்தாலும் அதற்கு மேலுள்ள சத்தம் சட்டென்று நின்றுவிடாது, சரிவில் இறங்குவதுபோல்தான் குறையும். அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைத்தான் 12, 24 என்ற எண்கள் (ஒரு ஸ்தாயிக்கு எத்தனை டெசிபல் குறைகிறது என்று) சொல்கின்றன. ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரண்டு மடங்கான 160 ஹெர்ட்ஸில், 12 டிபி போர்டு பவரில் சுமார் 16-ல் ஒரு பங்கை விட்டுவிடும். 24 டிபி விடுவது சுமார் 250-ல் ஒரு பங்குதான். ஆழ்ந்த பேஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ஆனால் 100-ஐத் தாண்டி மேலே போகப் போகப் பிடிபட ஆரம்பிக்கும். செய்தி வாசிப்பவர் திரையில் இருப்பார், அவர் குரலின் கனம் மட்டும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். இது பழகிப்போகும் குறையில்லை, தினமும் உறுத்தும்.

வாங்கும்போது லேபிளை மட்டும் நம்ப வேண்டாம், போர்டைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான வடிவமைப்பில் ஒரு ஆப்-ஆம்ப் (ஐசிக்குள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபையர் சுற்று) 12 டிபி தரும். 4558 போன்ற எட்டுக்கால் ஐசி ஒன்றில் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. அதில் ஒன்று பெரும்பாலும் இடது, வலது சேனல்களைச் சேர்க்கவே போய்விடும். ஆக, ஒரே ஒரு எட்டுக்கால் ஐசியை வைத்துக்கொண்டு '24 டிபி' என்றால் சந்தேகப்படுங்கள்.

கடையிலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. மற்ற ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சப்-ஊஃபரில் மட்டும் ஒரு செய்தி வாசிப்பை ஓட விடச் சொல்லுங்கள். வெறும் உறுமல் கேட்டால் சரி. வார்த்தைகள் புரிந்தால் அந்த போர்டு வேண்டாம்.

அப்புறம், பின்னாளில் ஏவி ரிசீவர் (டிவி, ஸ்பீக்கர்களை இணைக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) வாங்கினால் அதற்குள்ளேயே இந்த ஃபில்டர் இருக்கும். அப்போது இந்த போர்டைத் தாண்டி நேரடியாக ஆம்புக்கு இணைப்பு கொடுங்கள். இரண்டு ஃபில்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினால் 80-ஐ ஒட்டிய பேஸே மெலிந்துவிடும்.