இடுப்பில் ஒரு தைரியம்

அன்புள்ள ஐயா,

டெக்ஸாஸில் ஐ.டி. வேலை, ஹெச்-1பி விசா. அலுவலக நண்பர்களோடு சென்ற ஆண்டிலிருந்து புறா வேட்டைக்குப் போகிறேன். இந்த செப்டம்பரில் போகப்போகும் இடத்தில் டைமண்ட்பேக் ராட்டில் ஸ்னேக் (வாலைக் கிலுக்கி எச்சரிக்கும் விஷப்பாம்பு) அதிகமாம். பாம்புக்கென்றே இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும் என்கிறார்கள். .38 ரிவால்வரில் பால்ரஸ் தோட்டா (ஒற்றைக் குண்டுக்குப் பதில் பொடிக் குண்டுகள் நிறைந்தது) போட்டால் போதுமா, .410 ஷாட்கன் தோட்டா போடும் டாரஸ் ஜட்ஜ் ரிவால்வர் வாங்க வேண்டுமா? கடிவாயைக் கீறி உறிஞ்சும் கிட் ஒன்றும் கடையில் பார்த்தேன். பாம்பைக் கொல்வது பாவம், வேட்டையே வேண்டாம் என்கிறாள் மனைவி. உங்கள் கருத்து?

ச.

அன்புள்ள ச.,

பாவ புண்ணியத்தை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரவில்லை. அந்த கிட்டை வாங்காதீர்கள். அது விஷத்தை எடுக்காது, புண்ணைத்தான் பெரிதாக்கும்.

துப்பாக்கிக்கு வருகிறேன். பால்ரஸ் தோட்டா என்றால் ரிவால்வர்தான். தானாக அடுத்த தோட்டா ஏறும் பிஸ்டலில் பல சமயம் வெற்றுக்கூடு சிக்கிக்கொள்ளும். .38 பால்ரஸ் தோட்டாவில் வழக்கமாக 9ஆம் எண் குண்டுகள் இருக்கும், .22இல் 12ஆம் எண். எண் கூடக்கூடக் குண்டு சிறுக்கும், இரண்டுமே பொடி. ஆறடி, எட்டடிக்குள் சுட்டால்தான் பாம்பின் தலையில் போதுமான குண்டுகள் விழும். ஜட்ஜ் இன்னும் பெரிய தோட்டா போடும், ஆனால் அதன் குழலுக்குள்ளும் திருகுவரி, அதாவது தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம், உண்டு. அது குண்டுகளைச் சுழற்றிவிடுவதால் அவை வளையமாக விரிந்து நடுவில் ஓட்டை விழும். பாம்பு அந்த ஓட்டைக்குள் படுத்திருக்கும்! ரிவால்வரின் முதல் இரண்டு அறையில் பால்ரஸ், மற்றதில் சாதாரணத் தோட்டா என்று நிரப்புகிறவர்கள், அந்த அறைகள் உள்ள சிலிண்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வர் இடப்பக்கம் சுற்றும், கோல்ட் கம்பெனியுடையது வலப்பக்கம். மாற்றிப் போட்டால் கல் தரையில் ஈயக்குண்டு பாயும், அது தெறித்து யார் முழங்காலுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இனி நான் கொஞ்ச நாளாகவே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த விஷயம்.

நீங்கள் போவது புறா வேட்டை. கையில் ஏற்கெனவே 12 கேஜ் ஷாட்கன் இருக்கிறது, உள்ளே ஏழரை அல்லது 8ஆம் எண் குண்டு. எந்த ரிவால்வர் பால்ரஸையும்விடப் பல மடங்கு வலு. அதை வைத்துக்கொண்டு பாம்புக்குத் தனித் துப்பாக்கி தேடுகிறீர்கள் என்றால், நீங்கள் தேடுவது துப்பாக்கி இல்லை, தைரியம். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

நாலடி நீள டைமண்ட்பேக் சீறிப் பாய்ந்தால் ஏறக்குறைய இரண்டடி எட்டும். நம் கணக்குக்கு அதன் முழு நீளத்தையே எட்டும் தூரமாக வைத்துக்கொள்ளலாம். பாய்ச்சல் முடிய நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பழகிய கைக்கே ரிவால்வரை உருவிக் குறிபார்க்க ஒரு நொடிக்கு மேல் வேண்டும். ஆக, காணாமல் மிதித்த பாம்புக்குத் துப்பாக்கி உதவாது. கண்ட பாம்புக்கோ துப்பாக்கியே தேவையில்லை, இரண்டு எட்டு பின்னால் வைத்தால் போதும். அது துரத்தி வராது.

இதில்தான் சூட்சுமம். பதினைந்தடியில் பாம்பைப் பார்க்கிறீர்கள். வெறுங்கையோடு இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவீர்கள். இடுப்பில் பால்ரஸ் இருந்தால்? பதினைந்தடியில் அது பயன்படாது என்று தெரியும், எனவே கிட்டே போவீர்கள். பத்தடி, எட்டடி, ஆறடி. கடிபடாத இடத்திலிருந்து கடிபடும் இடத்தின் விளிம்புக்கு உங்களை நடத்திக்கொண்டு போவது அந்தத் துப்பாக்கிதான். சுட்டபிறகு செத்துவிட்டதா என்று காலால் புரட்டிப் பார்ப்பீர்கள். 2018இல் உங்கள் மாநிலத்திலேயே ஒருவர் ராட்டில் ஸ்னேக்கின் தலையைத் துண்டித்துவிட்டு அதை எடுக்கக் குனிந்தார். துண்டான தலை கடித்தது. 26 டோஸ் விஷமுறிவு மருந்து ஏற்றித்தான் பிழைத்தார் என்று செய்தி வந்தது.

2017இல் நம் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் ஃப்ளோரிடாவுக்குப் போனார்களே, நினைவிருக்கிறதா? எவர்கிளேட்ஸில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க அந்த மாநிலமே அழைத்தது. கையில் இரும்புக் கம்பிதான். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. மலைப்பாம்புக்கு விஷம் இல்லை என்று வாதாட வராதீர்கள். ஊரில் அவர்கள் பிடிப்பது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். மண்ணில் வயிறு இழைந்த தடம், எச்சம், உரித்த சட்டை, எலி வளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கை போகும். கண் போகாத இடத்துக்குக் கை போகாது.

புறா வேட்டையில் நடப்பதோ நேர் எதிர். புறா முழங்கால் உயரப் புல்லில் விழுகிறது. விழுந்த இடத்தைத் தொலைத்துவிடக் கூடாதே என்று கண்ணை அங்கேயே நட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள். காலடியைப் பார்ப்பதில்லை. சாம்பல் இறகு தெரிந்ததும் குனிந்து கையை விடுகிறீர்கள். செப்டம்பர் வெயிலில் பாம்பு இருப்பது அதே புல் நிழலில்தான், அதுவும் எப்போதும் கிலுக்கி எச்சரிக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு நீளக் குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு புல்லை விலக்கி, பறவையைக் குச்சியாலேயே வெளியே இழுத்தபின் எடுங்கள்.

ரிவால்வருக்கு வைத்த காசில் நல்ல ஸ்னேக் கெய்ட்டர் ஒரு ஜோடி வாங்குங்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மூடும் காலுறை. கீழ் விளிம்பு பூட்ஸ் நாடாமேல் படிந்திருக்க வேண்டும், இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் பல் அங்கேதான் இறங்கும். புழுக்கம் தாங்காமல் மதியம் கழற்றிவைப்பார்கள். கழற்றாதீர்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் என் தப்பு. உங்கள் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. டெக்ஸாஸ் உரிமம் ஆகஸ்ட் 31உடன் முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றம். 2021 முதல் டெக்ஸாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது அவர்களுக்கு, தம்பி. ஒரு வக்கீலைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கடித்துவிட்டால் மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கியபின் கழற்ற முடியாது. கயிறு கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, ராட்டில் ஸ்னேக், காப்பர்ஹெட், காட்டன்மவுத் மூன்றுக்கும் ஒரே மருந்துதான். 911ஐ அழையுங்கள். விஷ உதவி மையத்தின் எண் 1-800-222-1222. உங்கள் போனில் மட்டுமல்ல, வேட்டையே வேண்டாம் என்கிறாரே, அவர் போனிலும் பதிந்துவையுங்கள்.