மூணு மணிக்கு நிற்கும் தறி

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கமுங்க.

சோமனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வீட்டை ஒட்டியே எட்டுத் தறி, கூலிக்கு நெசவு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், மகளுக்கு ஒன்பது வயசு. வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், பீடி சிகரெட் கிடையாது, ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. இதைச் சொன்னால், "அப்புறம் உனக்கென்ன குறை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

2020 கொரோனாவில் தறி நின்றபோது செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். முதல் வாரமே 18,000 ஜெயித்தார். கடை திறந்ததும் எனக்குச் சேலையும் பாப்பாவுக்குக் கொலுசும் வந்தது. நானும் சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டேன். 2022ல் என் தாலிக்கொடி அடகுக்கடையில் இருப்பது தெரிந்தது, அப்பா மீட்டுக் கொடுத்தார். 2024ல் அண்ணன் ஒன்றரை லட்சம் கொடுத்தார். 2025 ஆகஸ்ட்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை போட்டதும், விட்டது சனி என்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, மூணு நம்பர் சீட்டில் இறங்கிவிட்டார். கேரளா லாட்டரி ரிசல்ட்டின் கடைசி மூணு நம்பரை வைத்து இங்கே துண்டுச் சீட்டில் ஓட்டுகிறார்களே, அதுதான். சீட்டு 60 ரூபாய், மூணும் விழுந்தால் 25,000 என்கிறார்கள். தினமும் பத்துச் சீட்டுக்குக் குறையாது.

மத்தியானம் மூணு மணிக்குக் குலுக்கல். அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே எட்டுத் தறியும் நின்றுவிடும். சமையல்கட்டில் இருக்கிற எனக்கு அந்தச் சத்தம் நின்றாலே வயிற்றைக் கலக்குகிறது. பாப்பாவின் கணக்கு நோட்டில் பின்பக்கமெல்லாம் அவர் எழுதிய நம்பர்தான்.

போன மாசம் பாப்பா தலையில் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். நாலாம் நாள் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். "அப்பா சத்தியத்த மீறுனதுக்கு நான் செத்துப் போயிருவனாம்மா?" என்று கேட்டாள்.

கடன் மொத்தம் 6,40,000. வார வட்டிக்கு வாங்கியதும், மகளிர் குழுவில் என் பேரில் எடுத்துக் கொடுத்ததும் அதில் சேர்த்தி. மாப்பிள்ளை மானம் போகக்கூடாது, தோப்பில் பத்து சென்ட்டைக் கிரயம் பண்ணி மொத்தமாக அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. இவரோ, "நான் இல்லாமப் போனா எல்லாம் சரியாயிரும்" என்று ரெண்டு தரம் சொல்லிவிட்டார். தோப்பை விற்கலாமுங்களா அக்கா?

பெயர் வேண்டாம், சோமனூர் பக்கம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தோப்பு இருக்கட்டும். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பார்ப்போம். "நான் இல்லாமப் போனா" என்பதை மிரட்டல் என்றோ கோபத்தில் வந்த பேச்சு என்றோ விட்டுவிடாதீர்கள். சூதுக் கடனில் மூழ்கியவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வருவது அதிகம். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகோணும்னு தோணுதுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே அடைத்து வைத்திருப்பவருக்கு அது வாய் திறக்க ஒரு வழி. தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் தனியாக விடாதீர்கள், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

சரி, தோப்பு. விற்க வேண்டாம்.

2022ல் அப்பா, 2024ல் அண்ணன் என்று இரண்டு முறை கடனை அடைத்துப் பார்த்துவிட்டீர்கள். ஒருவேளை நின்றிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. சூதில் மாட்டியவருக்கு, வேறொருவர் வந்து கடனை அடைத்துவிடுவதும் ஒரு ஜெயிப்பு மாதிரிதான். கழுத்தை நெரித்த கை ஒரே நாளில் விலகிவிடுகிறது. கடைசி நேரத்தில் எப்படியும் காசு வந்து விழும் என்று அவர் மனசு ஏற்கெனவே நம்புகிறது, அதை மாமனாரே மெய்யாக்கிவிடுகிறார். உங்கள் அப்பாவின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை மானம் என்று அவர் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தால் ஊர் பார்க்கும், அதற்கு வைத்தியம் தேடுவோம். சூது வெளியே தெரியாது, அதனால் மூடி மூடி வைத்துக் கையில் இருப்பதையெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இது ஒரு நோய், தங்கச்சி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் முன்பு இதைத் திருட்டுப் பழக்கம், தீ வைக்கும் பழக்கம் போன்றவற்றோடு வைத்திருந்தது. 2013ல் அங்கிருந்து எடுத்து, மது, போதைப்பொருள் இருக்கும் அடிமைப்பழக்க வரிசையில் சேர்த்துவிட்டது. மூளைக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆராய்ச்சிகள் காட்டியதே அதற்குக் காரணம். அவருக்குப் போதை 25,000 ரூபாயில் இல்லை, மூணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதில் இருக்கிறது. தினமும் கிடைத்தால் சலித்துவிடும், கிடைக்கவே கிடைக்காது என்றால் விட்டுவிடலாம். எப்போதோ ஒரு தடவை, எப்போது என்று தெரியாமல் கிடைப்பதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. முதல் வாரத்து 18,000 செய்த வேலையும் இதுவே. அந்தச் சேலையைக் கட்டியதற்காக நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

"ஒரு நம்பர்ல போச்சு" என்று அவர் சொல்லாமல் இருக்க மாட்டார். 487 எடுத்தவருக்கு 488 விழுந்தால் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத மாதிரி தோன்றும். கணக்குப்படி 012க்கும் அதே வாய்ப்புதான், பக்கத்தில் வந்தது என்று ஒன்று கிடையாது. 000 முதல் 999 வரை ஆயிரம் நம்பர். ஆயிரத்தையும் ஒருவரே எடுத்தால் 60,000 ஆகும். வருவது 25,000. நெசவாளிக்கு இதைவிட எளிய கணக்கு வேண்டுமா? ஆனால் கணக்குச் சொல்லிக் குணமானவரை நான் பார்த்ததில்லை, அதற்காகச் சண்டை போடாதீர்கள். சட்டத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003ல். திருவனந்தபுரத்தில் குலுக்கினால் உங்கள் ஊரில் சீட்டு ஓடுகிறது. ரம்மிக்குப் பூட்டுப் போட்டதும் அவர் இதற்குத் தாவியதை நீங்களே பார்த்தீர்கள்.

அதனால் ஆஸ்பத்திரி. கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சைதான் இதில் பிரதானம். மனச்சோர்வும் இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் மறுத்தால், நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

பண விஷயத்தில் கொஞ்சம் கல்மனசு வேண்டும். நெசவுக் கூலி உங்கள் கணக்குக்கு வரட்டும். செல்போனில் பணம் அனுப்பும் வசதி அவர் போனில் வேண்டாம். நூல், உதிரிச் சாமான் எதுவானாலும் நீங்கள் கொடுத்து ரசீது வாங்குங்கள். இதைத் தண்டனையாகச் செய்யாமல், அவரிடம் சொல்லிவிட்டு, டாக்டர் முன்னால் பேசி வைத்துச் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதட்டும், அவர் தறியில் வருகிற கூலியில் மாசாமாசம் அடையட்டும். குழுக் கடன் உங்கள் பேரில் இருப்பதால் அதற்கு முதலிடம். வார வட்டிக்காரர் வீட்டுக்கு வந்து மிரட்டினால் போலீஸுக்குப் போகலாம், கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதல் இருக்கிறது. புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவுக்கு உதவியே ஆக வேண்டும் என்றால் பேத்தியின் பள்ளிக்கூடப் பீஸை நேராகக் கட்டட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது பாப்பாவின் கேள்விதான். ஒன்பது வயசுப் பிள்ளை தன் உயிர் அப்பாவின் சட்டைப்பையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனி அவள் தலையில் யாரும் கை வைத்துச் சத்தியம் செய்யக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. சத்தியம் மீறியதால் காய்ச்சல் வரவில்லை, அப்பாவுக்கு ஒரு நோய், டாக்டரிடம் போகப் போகிறோம் என்று அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரே சொல்லட்டும். அப்புறம், அவளுக்குப் புதுக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நாளையிலிருந்து மூணு மணிக்குக் கால் மணி முன்னால் ஒரு டம்ளர் டீயோடு தறிக்குடோனுக்குப் போங்கள். சீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அந்தச் சத்தத்தில் என்ன பேசினாலும் காதில் விழாது, அதுவும் நல்லதுதான். மூணே கால் வரை தறி ஓடட்டும், பக்கத்தில் நில்லுங்கள். ஆசை ஏறி நிற்கும் அந்த நேரத்தைத் தனியாகக் கடப்பதுதான் அவருக்குக் கஷ்டம். சில நாள் கோபப்படுவார். ஒரு மாசம் கழித்து மறுபடி எழுதுங்கள்.