லேப்டாப் சூடு: கேளுங்கள், சொல்கிறேன்

பல வருடமாக லேப்டாப்களைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு. சூட்டைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி: சார், வீடியோ எடிட் பண்ணும்போது பிராசசர் 96 டிகிரி என்று எச்சரிக்கை வருகிறது. எரிந்து போய்விடுமா?

பதில்: எரியாது. இன்றைய லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு வரம்பு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை. வரம்பைத் தொட்டதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மெஷினையே அணைத்துவிடும். கனமான வேலையில் 90-ஐத் தாண்டுவது பல மெல்லிய லேப்டாப்களில் சகஜம். ஒன்றுமே ஓடாதபோதும் 80-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் விஷயம் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாமல், டாஸ்க் மேனேஜரில் வேகத்தையும் பாருங்கள். வேலை நடுவே 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து ஒன்றுக்கும் கீழே பொத்தென்று விழுகிறதா? உள்ளே உண்டாகும் சூடு வெளியே போக முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: அண்ணா, அடிப்பக்க ஓட்டை வழியாக ப்ளோயர் அடித்துவிட்டேன். ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

பதில்: குறையாது தம்பி. அழுக்கு நீங்கள் அடித்த இடத்தில் இல்லை. ஃபேன் காற்றைத் தள்ளும் வாயில், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகத் தகடுகள் இருக்கும். தூசி அங்கே ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் படிந்து படிந்து, சாம்பல் நிறக் கம்பளித் துணி போல ஆகிவிடும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தகடு பளபளவென்றுதான் தெரியும். அடைப்பு அதற்குப் பின்னால். மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ஃபேனைத் தூக்கினால் அந்தத் துணி ஒரே துண்டாகக் கையோடு வரும். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடுகிறது.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பிடிக்காமல் அடித்தேன். விர்ரென்று சுற்றிப் பேரிங் போய், வந்தபோது அமைதியாக இருந்த லேப்டாப்பைக் கரகரவென்று திருப்பிக் கொடுக்க மனசு வராமல், என் செலவில் புது ஃபேன் போட்டேன்.

கேள்வி: வருடா வருடம் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமா? லிக்விட் மெட்டல் போடலாமா?

பதில்: சிப்பிலிருந்து சூட்டை ஹீட் சிங்குக்கு (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக அமைப்பு) கடத்த நடுவில் தடவும் பசைதான் தெர்மல் பேஸ்ட். நாள் பார்த்து மாற்றுகிற பொருள் இல்லை அது. தூசியை எடுத்தும் சூடு இறங்காவிட்டால் மட்டும் கை வையுங்கள். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவே கொஞ்சமாகப் பேஸ்ட். திருகாணிகளைப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே மூலையை இறுக்கினால் ஹீட் சிங்க் சாய்ந்து, முன்பைவிட மோசமாகும். பேஸ்டுக்குப் பதிலாகப் போடும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரமும் பாயும் என்பதால் ஒரு துளி போர்டில் சிந்தினாலே போச்சு.

கேள்வி: பற்பசை?

பதில்: பல்லுக்கு.

கேள்வி: கழற்றத் தைரியம் இல்லை சார். அதுவரை சமாளிக்க வழி உண்டா?

பதில்: விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பல மெஷின்களில் அது டர்போ வேகத்தையே, அதாவது தேவைப்படும்போது பிராசசர் தானாகக் கூட்டிக்கொள்ளும் வேகத்தையே, நிறுத்திவிடும். சூடு சட்டென்று இறங்கும். சில லேப்டாப்களில் இந்த வரி மறைந்திருக்கும். அங்கே பவர் மோடைக் குறைத்து வையுங்கள். மெத்தை, தலையணை மேல் வைப்பதையும் விடுங்கள், காற்று உள்ளே போவதே அடி வழியாகத்தான். ஆனால் இதெல்லாம் தாற்காலிகம்தான்.

கேள்வி: தானாக அணைகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’. சூடுதானே காரணம்?

பதில்: அந்த 41 சொல்வது ஒன்றுதான்: முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அது சொல்லாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற, சூட்டை அளந்து காட்டும் புரோகிராமில் வெப்பநிலையைப் பதிவு செய்ய வையுங்கள். அணைவதற்கு முந்தைய வரிகளில் 100-ஐ ஒட்டி இருந்தால் சூடு. 55-லேயே அணைந்தால் அடாப்டரையும் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மேக்கில் ‘கெர்னல் டாஸ்க்’ பிராசசரை ஏகத்துக்கும் சாப்பிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தாதீர்கள். மெஷின் சூடானதும் மற்ற புரோகிராம்களுக்குப் பிராசசர் கிடைக்காதபடி அது குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. ஆக்டிவிட்டி மானிட்டர் பட்டியலில் அதற்கு அடுத்த வரியில் எது அதிகம் தின்கிறது என்று பார்த்து, அதை மூடுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால்?

பதில்: வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும். போர்டில் ஈரம். வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சூட்டோடு டச்பேடும் லேசாக மேலே தூக்கியிருக்கிறது. க்ளிக் ஆகவில்லை. பேஸ்ட் மாற்றினால் சரியாகுமா?

பதில்: இதைப் படித்ததும் சார்ஜரைப் பிடுங்குங்கள். உங்கள் சிக்கல் பிராசசர் இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். ஷட்டவுன் செய்து, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் இன்றைக்கே கொண்டுபோங்கள்.