தப்பும் தூரிகையும் சோறு போடுமா? (வாசகர் கேள்வி–பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே சங்கதியைச் சுற்றி வருகின்றன. பாட்டோ படமோ மனசைப் பிடித்துவிட்டது, ஊர் போகிற வழியில் இனிப் போக முடியாது, என்ன செய்வது? முகவை (ராமநாதபுரம்) கடற்கரையிலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

வயது 27. மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000. திருவிழாவில் தப்பாட்டம் (தப்பு என்கிற பறையை அடித்து ஆடுவது) பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு செட்டோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகலாமா? 'சாவு மேளம் அடிக்கப் போறியா' என்று வீட்டில் தினமும் சண்டை.
– வாசகர், மண்டபம்

விடலாம், தம்பி. ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

கலைஞர்களிடமிருந்து முடியையும் சட்டையையும் எடுத்துக்கொள்வது சுலபம். அவர்கள் நாளை எப்படிப் பிரித்தார்கள், அரிசி யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பக்கத்திலேயே ஆள் இருந்தார். கர்நாடக இசைப் பாடகர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்டவர், அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குப் பாடம் சொன்னவர். அவருக்கு ராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆதரவு இருந்தது. உங்களுக்குச் சமஸ்தானம் கிடையாது. அந்த இடத்தை உங்கள் சேமிப்புதான் நிரப்ப வேண்டும்.

கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்கிலேயே சொல்கிறோம். வீட்டுக்கு 9,000, கைச்செலவு 4,000 என்றால் மாதம் 5,000 மிச்சம். ஆறு மாத வீட்டுச் செலவு 54,000. அதைச் சேர்க்கப் பதினோரு மாதம் ஆகும். பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள், அந்த ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வேலையை விட்டு முதல் ஆறு மாதம் வீட்டுக்குப் போகிற 9,000 நிற்காமல் போனால் சண்டையில் பாதி அடங்கும்.

அந்தப் பதினோரு மாதமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஐஸ் கம்பெனியில் வேலை மந்தமாகிற காலம் அதுதான். சித்திரை, வைகாசி ஊர்த் திருவிழாக்களும் அப்போதுதான் நடக்கும். முதலாளியிடம் அரை நாள் வேலை, அரைச் சம்பளம் என்று கேட்டுப் பாருங்கள் (சேமிப்புக் கணக்கு அதற்கேற்பச் சில மாதம் தள்ளிப்போகும்). அந்த இரண்டு மாதம் ஒரு செட்டோடு போய்வாருங்கள். அடிக்கக் கேட்காதீர்கள், தப்பைத் தூக்கி வையுங்கள், தப்பைக் காய்ச்ச நெருப்புப் போடுங்கள், வண்டியில் பின்னால் உட்காருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆடி முடித்து, விடிய நாலு மணிக்கு அடுத்த ஊரில் இறங்குகிறபோதும் ஆசை மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

செட்டுத் தலைவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ஆள் ஒன்றுக்குக் கையில் எவ்வளவு வரும்? வண்டி வாடகையும் உடுப்பும் யார் பொறுப்பு? வருஷத்தில் அச்சாரம் வராத மாதங்கள் எவை? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் சொல்கிறவரை நம்பலாம்.

வீட்டுச் சண்டையின் மறுபாதி பணத்தைப் பற்றியதே இல்லை, சாதியைப் பற்றியது. அதை மூடி வைத்துப் பேசிப் பயனில்லை. அந்த மேளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்தவர்களிடம்தான் நீங்கள் கற்கப்போகிறீர்கள். கற்றுத் தருகிறவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மாதச் சம்பளம் பேசிக் கொடுங்கள், மேடையில் அவர் பேரைச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் தப்பைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 25 வயதுவரைதான் சேர்க்கிறார்கள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. தம்பி தங்கை இருந்தால் அனுப்புங்கள்.

தப்பு வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. சாயங்காலம் கடற்கரையில் அடித்தால் 'தொப் தொப்' என்கிறது. காலையில் வீட்டில் நன்றாக இருக்கிறது. தோல் மட்டமா?
– வாசகர், தங்கச்சிமடம்

தோலில் குறை இல்லை, காற்றில் ஈரம். தோல் ஈரத்தைக் குடித்தால் நீளும், நீண்டால் தொய்யும். மிருதங்கம்போல வார் இழுத்து ஏற்ற இதில் வழியில்லை. தப்புக்குச் சுருதி ஏற்றுவது சூடு மட்டும்தான்.

காய்ந்த வைக்கோல் அல்லது பனை ஓலையைக் கொளுத்தி, ஒரு முழத் தூரத்தில் தோல் முகம் நெருப்பைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஓரிடத்தில் நிறுத்தாமல் சட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் சூடேறி ஓரம் குளிர்ந்திருந்தால் சத்தம் இரண்டாகக் கேட்கும். இடையிடையே சுண்டிப் பாருங்கள். 'தொப்' போய் 'டண்' வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கூர்மை வரட்டுமே என்று காட்டுகிற அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் தோல் ஓரத்தில் கிழியும். எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள். வாடைக்காற்று நாளில் ஆகிற நேரம் வேறு, கோடையில் வேறு. கடற்கரையில் ராத்திரி ஆட்டம் என்றால் அரை மணிக்கொரு முறை மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு தப்பு வைத்துக்கொண்டு, ஒன்று அடிபடும்போது மற்றது காயட்டும்.

சட்டம் மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்தது. கடல் காற்றில் முதலில் கெடுவது அந்தத் தகடும் ஆணியும்தான். துரு மரத்துக்குள் இறங்கி இணைப்பு ஆடினால் எவ்வளவு காய்ச்சினாலும் சத்தம் நிற்காது. மாதம் ஒரு முறை தகட்டின்மேல் மட்டும் துளி எண்ணெய் தடவுங்கள். தோலில் எண்ணெய் படவே கூடாது. தோலை ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை. ஓரம் எழும்பினால் அதே பசையை அரைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஃபெவிகால் சூட்டில் இளகும். நெருப்பு காட்டிய உடனே விட்டுக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பூக்கும். பருத்தித் துணி போர்த்தி, அடுப்படிச் சுவரில் உயரமாகத் தொங்கவிடுங்கள். வலக்கை அடிக்குச்சி எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். இடக்கை சிண்டுக்குச்சி மூங்கிலில் மெலிசாக, வளையக்கூடியதாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் தடித்த குச்சியை வாங்கிவிட்டு, வேகம் வரவில்லையே என்று கையைத் திட்டுகிறார்கள்.

இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபின் மதியம் மூன்று மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது. ஓவியம் வரைய ஆசை. சென்னைக்குப் போய்க் கண்காட்சி பார்க்க வழியில்லை. வாட்டர்கலர் போட்டால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வருகிறது.
– வாசகி, கீழக்கரை

சென்னை எதற்கு? ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவரெல்லாம் தீட்டிய ஓவியங்கள். தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியர் வந்து சேதுபதியைப் பார்ப்பது, ராமாயணம், பாகவதம் என்று எல்லாம் உண்டு. ஊருக்குப் போகிறபோது எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுவர் என்று வையுங்கள். சின்ன நோட்டும் பென்சிலும் போதும். முதல் நாள் கைகளை மட்டும் வரையுங்கள்: பூ பிடித்த கை, வாள் பிடித்த கை, சும்மா தொங்குகிற கை. அடுத்த நாள் துணி மடிப்பு. அப்புறம் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் எப்படிக் கோடு கிழித்துப் பிரித்திருக்கிறார்கள் என்பது. முழுப் படத்தையும் ஒரே மூச்சில் நகல் எடுக்க உட்கார்ந்தால் முகத்திலேயே பொழுது போய்விடும். சுவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். உங்கள் பக்கத்துக் கிணறும் போரும் உப்பு. தண்ணீர் ஆவியானதும் உப்பு தாளில் தங்கிவிடும். வண்ணம் கரைக்கவும் தூரிகை கழுவவும் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் வேண்டும். மெலிசான தாள் இந்த ஈரக்காற்றில் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பூச்சுக் காய நெடுநேரம் ஆகும். அந்த மாதங்களில் அக்ரிலிக்குக்கு மாறிவிடுங்கள். சித்திரை வெயிலில் அதற்கு நேர் எதிர்த் தொல்லை: அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். ஈர ஸ்பாஞ்சின்மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணம் கலக்குங்கள், மதியம் முழுக்க இளக்கமாக இருக்கும். முடிந்த படங்களைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

மூன்று மணி நேரம் குறைச்சல் என்று எண்ணாதீர்கள். அதில் அரை மணியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபோன் வேறு அறையில் கிடக்கட்டும்.

கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளை வைத்துக் கைவினைப் பொருள் செய்து விற்கலாமா? செத்துப்போன பாறைதானே?
– வாசகர், பாம்பன்

கூடாது. செத்ததானாலும் பவளப்பாறை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. கையில் வைத்திருந்தாலே வழக்கு. சில சங்கு, சிப்பி வகைகளும் பட்டியலில் உண்டு என்பதால், வனத்துறையில் கேட்காமல் எதையும் பொறுக்காதீர்கள். கை பரபரத்தால் பனங்குருத்தோலை இருக்கிறதே. ஈர்க்கைக் கிழித்து எடுத்து, ஓலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் வாருங்கள்; முடைவதற்குச் சற்று முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடிக்கும்போது ஒடியாது. அகலம் ஒரே சீராக இல்லாவிட்டால் கொட்டான் பெட்டியின் அடி கோணும். புதியவர்களுக்கு எல்லாம் கெடுவது அங்கேதான்.

எம்.ஏ. முடித்துவிட்டேன். இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கரைவலை இழுத்த தாத்தாக்களிடம் அம்பாப் பாட்டு (வலை இழுக்கும்போது பாடுவது) சேகரிக்க வேண்டும். ஃபோனில் பதிந்தால் காற்று இரைச்சல்தான் கேட்கிறது. கேட்டாலும், 'அதெல்லாம் மறந்துபோச்சு தாயி' என்கிறார்கள்.
– வாசகி, தொண்டி

உங்கள் பக்கத்துக் குணங்குடியில் பிறந்தவர்தான் மஸ்தான் சாகிபு. வீடு வாசலை விட்டுத் துறவியாகப் பாடித் திரிந்தவர், 1838இல் மறைந்தார். ஊர் அவரைப் பித்தரென்றே, அதாவது 'மஸ்தான்' என்றே, பேர் சொல்லிப் போற்றியது. அவரும் முதலில் கீழக்கரையில் முறையாகப் படித்தவர் என்பதை வீட்டில் பேச்சு வரும்போது சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அவர்களுக்குப் பாட்டு மறக்கவில்லை. அது வாயில் இருப்பதைவிடக் கையில் இருக்கிறது. கயிறு இழுக்கிற வேகத்துக்குக் கட்டியது, நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் வராது. ஒரு தடித்த கயிற்றைத் தென்னையிலோ படகிலோ கட்டி, மறுமுனையை நாலு பேர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். அடியெடுத்துக் கொடுப்பவர் முன்னால், ஏலேலோ போடுகிறவர்கள் பின்னால். ஃபோன் அடியெடுப்பவரிடமிருந்து ஒரு கை நீளத்தில் இருந்தால் மற்றவர் குரல் அதை அமுக்காது.

காற்றுக்கு முதல் மருந்து இடம். வாடைக்காலத்தில் வடகடல் (உங்கள் தொண்டி இருக்கிற பாக் நீரிணை) பக்கம் போகாதீர்கள். உறவு யாராவது தென்கடல் (மன்னார் வளைகுடா) ஊரில் இருந்தால் அங்கே பதியுங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தொண்டிப் பக்கம் தேவலை. ஏற்றி வைத்த படகின் மறைவில் நில்லுங்கள், உங்கள் முதுகு காற்றைப் பார்க்கட்டும். மைக் துளையின்மேல் மெலிசான ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். கைக்குட்டையைச் சுற்றினால் எழுத்து மழுங்கும். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு நிமிஷம் பதிந்து இயர்ஃபோனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பதிவுச் செயலியில் எம்பி3 வேண்டாம், வேவ் வையுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுகிறவர் பேர், ஊர், தேதி, எந்த வேலைக்கான பாட்டு என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டு தொலையும், இது தொலையாது. அம்பாவில் கொச்சையான வரிகளும் வரும். பெண்பிள்ளை முன்னால் பாடக் கூச்சப்பட்டால் ஃபோனை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், அவர்களே பாடி முடிக்கட்டும். யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அவரிடம் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அரை நாள் கூலி எவ்வளவோ அதைக் கையில் கொடுத்துவிடுங்கள். டீயும் வடையும் கூலியில் சேராது.