பள்ளி முதல்வர், வாசிப்புச் சிறப்பாசிரியர்: டெக்சஸில் மேற்படிப்பு குறித்த கேள்வி பதில்

டெக்சஸ் மாநில அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்துகொண்டு, பள்ளி முதல்வராகவோ வாசிப்புச் சிறப்பாசிரியராகவோ உயர விரும்பும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். நான் ஹூஸ்டனில் நான்கு ஆண்டுகளாக இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். இந்த இரண்டு படிப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை.

பதில்: தகுதி நிபந்தனைகளை வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஏனெனில் அவை பெரும்பாலும் ஒன்றே. ஆசிரியர் சான்றிதழ், முதுகலைப் பட்டம், 2 ஆண்டு வகுப்பறை அனுபவம், மாநிலம் அங்கீகரித்த பயிற்சித் திட்டம், அதன்பின் சான்றிதழ்த் தேர்வு ஆகியவை இரண்டுக்கும் வேண்டும். வேறுபாடு அன்றாட வேலையில் இருக்கிறது. முதல்வர் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கிறார், அவர்களை மதிப்பிடுகிறார், நிதியையும் கால அட்டவணையையும் கையாளுகிறார். வாசிப்புச் சிறப்பாசிரியரோ தடுமாறும் பிள்ளைகளோடும் அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து வேலை செய்கிறார். ஒரு பிள்ளை ஏன் படிக்கத் திணறுகிறது என்ற கேள்வி உங்களை விடாமல் துரத்துமானால், இரண்டாவது வழியே உங்களுக்குரியது.

கேள்வி: மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். இன்னொரு முதுகலைப் பட்டம் கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. அயல்நாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று, உங்கள் பட்டம் அமெரிக்க முதுகலைக்கு இணையானது என்று சான்றளித்தால், சான்றிதழ்ப் பயிற்சியை மட்டும் தனியே படிக்கலாம். பல பல்கலைக்கழகங்கள் அதற்கும் இடம் தருகின்றன. கட்டணமும் காலமும் குறையும். மதிப்பீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: முதல்வர் பயிற்சியில் களப்பணி எப்படி இருக்கும்? வேலையை விடாமல் செய்ய முடியுமா?

பதில்: குறைந்தது 160 மணி நேரக் களப்பணி வேண்டும். பெரும்பாலானோர் தாம் பணியாற்றும் பள்ளியிலேயே அதை முடிக்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு: பேருந்து வரிசையையும் உணவு இடைவேளையையும் கவனித்துக்கொள்ளும் வேலையாகவே அந்த மணி நேரம் கரைந்துவிடக்கூடும். ஆகையால் தொடக்கத்திலேயே உங்கள் முதல்வரிடம் சென்று, ஆசிரியர் நியமன நேர்காணலிலும், சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான கல்வித் திட்டத்தை முடிவுசெய்யும் ஏஆர்டி குழுக் கூட்டத்திலும், வகுப்பைப் பார்வையிட்டபின் ஆசிரியருடன் நடக்கும் கலந்துரையாடலிலும் உடனிருக்க அனுமதி கேளுங்கள். சான்றிதழுக்கு உரிய பாஸ்ல் என்னும் செயல்திறன் மதிப்பீட்டிலும் பள்ளியில் உண்மையாக நீங்கள் செய்த வேலையைத்தான் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். பள்ளியின் சிக்கல் ஒன்றைத் தீர்த்தது, ஆசிரியர்களின் தொழில்திறனை வளர்த்தது, கூட்டாகச் செயல்படும் சூழலை உருவாக்கியது என அதில் மூன்று பணிகள் உண்டு. கடைசி மாதத்தில் அவசர அவசரமாக எழுதிவிடக்கூடியவை அல்ல இவை.

கேள்வி: நான் முதல்வராகத்தான் போகிறேன். வாசிப்புப் பாடங்களை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். முதல் வகுப்பு ஒன்றைப் பார்வையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி படக்கதை படிக்கிறாள். புத்தகத்தில் 'போனி' (சிறு குதிரை) என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்க, அவள் படத்தைப் பார்த்துவிட்டு 'ஹார்ஸ்' (குதிரை) என்கிறாள். பொருள் பொருந்துகிறது என்பதால் ஆசிரியை தட்டிக்கொடுத்து மேலே படிக்கச் சொல்கிறார். பயிற்சி இல்லாத முதல்வர் கலகலப்பான வகுப்பு என்று குறித்துக்கொண்டு வெளியேறுவார். பயிற்சி பெற்றவர் அந்தச் சிறுமியின் கண் எழுத்தின்மேல் படவே இல்லை என்பதைக் கவனிப்பார். படமில்லாத மூன்றாம் வகுப்புப் பாடத்தில் அவள் என்ன செய்வாள் என்று கவலைப்படுவார். சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. டெக்சஸ் சட்டமன்றம் இயற்றிய 2019இன் ஹெச்.பி. 3 சட்டம் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களோடு அப்பள்ளிகளின் முதல்வர்களையும் வாசிப்புப் பயிற்சிக்கு வரச் சொன்னது, 2023இன் ஹெச்.பி. 1605, ஊகித்துப் படிக்கச் செய்யும் முறைக்கு அவ்வகுப்புகளில் தடை விதித்தது. முதல்வருக்கே இது புரியாவிட்டால், பயிற்சியிலிருந்து திரும்பும் ஆசிரியை தனித்து விடப்படுவார்.

கேள்வி: வாசிப்புச் சிறப்பாசிரியர் படிப்பில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள்?

பதில்: 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஒலியன் உணர்வு (சொல்லிலுள்ள தனித்தனி ஒலிகளைப் பிரித்தறிதல்), ஃபோனிக்ஸ் (எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு), சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தையும் எடுத்துரைத்தது, பாடத்திட்டத்தின் முதுகெலும்பு அதுவே. ஆனால் படிப்பின் உயிர் மதிப்பீட்டில் இருக்கிறது. எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தால்தான் வாசிப்பு என்று 1986இல் காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐந்தாம் வகுப்பில் பின்தங்கிய இரு பிள்ளைகளுள் ஒருவன் பாடத்தை நாம் படித்துக் காட்டியதும் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்வான். மற்றவன் தானே தடையின்றிப் படிப்பான், படித்ததன் பொருள் மட்டும் விளங்காது. இருவரையும் ஒரே குழுவில் உட்காரவைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பது இருவருக்கும் அநீதி. யாருக்கு எது குறைகிறது என்று சோதித்தறிந்து, அதற்கேற்பக் கற்பித்து, சில வாரங்களில் மீண்டும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையே இந்தப் படிப்பு உண்டாக்க வேண்டும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டுக்கான முற்சோதனை மழலையர் வகுப்பின் இறுதியிலும் முதல் வகுப்பில் ஜனவரி 31க்குள்ளும் நடந்தாக வேண்டும் என்பதால், அதன் முடிவுகளைப் படித்தறியும் ஆற்றல் உங்களிடம் முதல் ஆண்டிலேயே எதிர்பார்க்கப்படும்.

கேள்வி: இணையவழிப் படிப்பு போதுமா?

பதில்: மாநில அங்கீகாரம் இருந்தால் செல்லும். களப்பணியை மேற்பார்வையிட யார் வருவார், எத்தனை முறை வருவார் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுமா?

பதில்: இரண்டு சான்றிதழ்களையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 200 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். அந்த மணி நேரத்தில் ஒரு பகுதியை முதல்வர்கள் வாசிப்புக்கும், வாசிப்புச் சிறப்பாசிரியர்கள் தலைமைப் பயிற்சிக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.