காது கேட்கும் திறன் ஆய்வில் குழந்தை தூங்க மறுத்தால்

குழந்தை தூங்கும்போது கேட்கும் திறனைப் பார்க்கும் எங்கள் ஆராய்ச்சிக்கு வந்தால் உங்கள் மகள் தூங்கவே மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும் நேரத்துப் பாலை ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை (மூளையின் மின் சைகையைப் பதியும் சிறு ஒட்டுகளை) ஒட்டியபின் மடியில் போட்டுப் பாலூட்டினால் பெரும்பாலும் கண் அயர்ந்துவிடுவாள்.

இரண்டு முறையும் தூங்கவில்லை என்கிறீர்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸிலேயே தூங்கித் தீர்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். இம்முறை பாபநாசம் தாண்டியதும் கண் செருகுகிறதா என்று பாருங்கள். செருகினால் பேச்சுக் கொடுத்து விழிக்க வையுங்கள்.

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், நெற்றியில் மைப்பொட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை ஒட்டாது. தேய்த்துத் துடைக்கும்போதே பிள்ளை சிணுங்கத் தொடங்கிவிடும். பாட்டி வருத்தப்பட்டால் திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைக்கட்டும்.

ஆராய்ச்சியில் கிடைக்கும் முடிவு மருத்துவரின் முடிவு ஆகாது. சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்ற சந்தேகம் இருந்தால் ஆய்வுத் தேதிக்குக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்கும் குறையைப் பிறந்த 3 மாதத்துக்குள் கண்டறிவது மிக முக்கியம்.